பந்து இல்லாமல் பத்து நாள்

கால்பந்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "காம்யுவிலிருந்துதானே ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். நம் வட்டத்தில் கால்பந்து என்றால் காம்யு கோல் காத்ததுதான். அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக அணியின் இளையோர் பிரிவில் அவர் ஆடியதும், 1930இல் காசநோய் வந்து ஆட்டம் நின்றுபோனதும் பந்தைத் தொட்டே அறியாதவர்களுக்கும் மனப்பாடம். அங்கிருந்து ஒரே தாவலில் அபத்தத்துக்குப் போய்விடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நான் கோல்கீப்பர் அல்ல, லெஃப்ட் அவுட். அதிலும், இன்னொருவன் விட்டுப்போன இடத்தில் நின்று ஆடியவன். அவன் விட்டுப்போனதில் என் பங்கு எவ்வளவு என்பதுதான் விஷயம்.

இதை எழுத வைத்தது ஒரு சினிமா. 2024இல் வந்த 'மைதான்' படத்தைப் பேரன் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். அஜய் தேவ்கன் ஸையத் அப்துல் ரஹீமாக வருகிறார். படத்தைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. ஆனால் ரஹீம் என்ற பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில் எனக்கு ஆவாரம்பட்டை வாசனை வந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஆம்பூர்ப் பக்கம் வளர்ந்திராதவர்கள்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை. வெளியூர்க்காரர்கள் டேனரி என்பார்கள், பத்திரிகைகள் தோல் பதனிடும் தொழிற்சாலை என்று எழுதும். வேலை செய்பவர்களுக்கு அது ஷாப்பு. சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறும். மயிரும் சதையும் கழிக்கப்படும். பிறகு ஆவாரம்பட்டைச் சாறு, கடுக்காய். தோல் மெதுவாக, வாரக்கணக்கில், மக்கிப்போகாத ஒன்றாக மாறும். அரைப்பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதற்கு 1970களில் அரசு கட்டுப்பாடு போட்டது. முழுதாகப் பதனிட்டு, சாயமேற்றி, முடிந்தால் செருப்பாகவும் பூட்ஸாகவும் செய்து அனுப்பு என்றது. குழிகளுக்குப் பக்கத்தில் பெரிய மர டிரம்கள் வந்தன, குரோமியம் வந்தது, தோல் நீலமாயிற்று, அவசரம் வந்தது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது இரண்டும் ஒரே ஊரில் அருகருகே நடந்துகொண்டிருந்தன. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதை வைத்து எந்த ஷாப்பு பட்டை, எந்த ஷாப்பு குரோம் என்று எங்களால் சொல்ல முடியும்.

ஊர் முழுக்க தோல். ஆனால் எங்கள் பந்து ஜலந்தரிலிருந்து வந்தது. உள்ளே ப்ளாடர் வைத்து, லேஸ் போட்டுக் கட்டிய பழைய தோல் பந்து. மழையில் நனைந்தால் பாறாங்கல். லேஸ் இருக்கும் பக்கத்தைத் தலையால் முட்டினால் நெற்றியில் தழும்பு. உலகக்கோப்பையில் செயற்கைத் தோல் பந்து வந்தது 1986இல், மெக்ஸிகோவில். அதற்கு ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கதை இது.

1977 ஜூலையில் எங்கள் கல்லூரிக்குப் புதிய பயிற்சியாளர் வந்தார். கல்லூரியின் பெயர் வேண்டாம். பாலாற்றங்கரை ஊர்களில் ஒன்றிலிருந்தது, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, அது போதும். அதுவரை எங்களுக்குப் பயிற்சி தந்தவர் பி.டி. மாஸ்டர். அவருடைய பயிற்சி முறை, பந்தைப் போட்டுவிட்டு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்துவிடுவது. நல்ல மனுஷர். புதியவர் ஹைதராபாத்காரர், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் படித்து வந்தவர், நாற்பதை நெருங்கியவர். ஒரு வருஷத்துக்குத் தற்காலிக நியமனம். தமிழ் சுத்தமாகத் தெரியாது.

அணியில் பாதிப்பேர் வீட்டில் உருது பேசுகிறவர்கள். அவர்களுக்குக் கவலையில்லை, அவருடைய ஹைதராபாத் உச்சரிப்பும் இவர்களுடைய ஆம்பூர் உருதுவும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மீதிப்பேருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. நான் முதலாளி வீட்டுத் தெருவில் வளர்ந்தவன். பேச்சு விளையாட்டில் வந்தது, எழுத்தைப் பக்கத்து வீட்டுத் தாத்தா கற்றுக்கொடுத்தார். அந்த வயதில் அது ஒரு திமிர். "பேட்டா, இவங்களுக்குச் சொல்லு" என்று அவர் உருதுவில் ஆரம்பித்ததும் நான் ஒரு அடி முன்னால் போய் நிற்பேன். இன்றைக்கு உருதுவிலிருந்து ஏதோ கொஞ்சம் தமிழில் கொண்டுவந்தவன் என்று இந்தச் சிறிய வட்டத்தில் என்னை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். என் மொழிபெயர்ப்புப் பணி ஆரம்பித்தது அந்த மைதானத்தின் வெள்ளைக்கோட்டில்தான்.

அவர் பேச்சில் மூச்சுக்கு மூச்சு ரஹீம் சாஹிப். ரஹீம் பள்ளிக்கூட ஆசிரியர். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியைப் பயிற்றுவித்தவர். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது. 1952இல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடிய இந்தியர்கள் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1953இல் ஹங்கேரி வெம்ப்ளியில் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று என்று கவிழ்த்தது. நடு முன்னணி ஆட்டக்காரனான ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் பின்வாங்கி நின்றதில், அவனைத் தேடியே எதிரணி தடுமாறிப் போயிற்று. உலகம் வாய்பிளந்து பார்த்த அந்த ஏற்பாட்டை இங்கே உட்கார்ந்து கிரகித்துக்கொண்டவர் ரஹீம். 1956 மெல்போர்னில் இந்தியா நான்காவது இடம். 1962 ஜகார்த்தாவில், விரோதமான கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று தங்கம். அப்போது ரஹீமுக்கு நுரையீரலில் புற்றுநோய். அடுத்த ஜூனில் போய்விட்டார். இதையெல்லாம் நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்வேன். சொல்லச் சொல்ல நானே ரஹீமுடன் ஜகார்த்தாவில் இருந்தவன்போல ஆகிவிடுவேன்.

ரஹீம் ஹைதராபாத்தில் வினோதமான போட்டிகள் நடத்தியிருக்கிறார். ட்ரிப்ளிங் கூடாத போட்டி. பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டிய போட்டி. எங்கள் ஆள் இரண்டையும் பாலாற்றங்கரைக்குக் கொண்டுவந்தார். காலுக்கு வந்த பந்தை இரண்டு முறை தொடலாம். மூன்றாவது தொட்டால் விசில். வலதுகாலன் ஒரு வாரம் இடதுகாலால் மட்டும். பந்து காலில் இல்லாதபோது எங்கே இருக்கிறாய் என்பதுதான் கேள்வி என்பார். ஒன்றரை மணி நேர ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இரண்டு மூன்று நிமிஷம் இருந்தால் பெரிது; மீதி நேரம் என்ன செய்துகொண்டிருக்கிறாய்? முதல் இரண்டு வாரம் ஆட்டம் கேவலமாக இருந்தது. மூன்றாம் வாரம் ஏதோ ஒன்று நிகழ ஆரம்பித்தது. பந்து வருவதற்கு முன்பே அது போக வேண்டிய இடம் தெரிந்தது. அலங்காரத்தை உதறிய ஒரு வரி தன் காலில் நிற்கும்போது வரும் திடுக்கிடலை அதற்குமுன் நான் அங்கேதான் உணர்ந்தேன். பிற்பாடு புதுக்கவிதையில் அதையே வேறு பெயரில் சந்தித்தேன்.

இந்த ஏற்பாட்டில் பொருந்தாதவன் ஒருவன் இருந்தான். லெஃப்ட் அவுட். ஊருக்கு மேற்கே காலனியிலிருந்து வந்தவன். அவன் அப்பா குழியில் இறங்கி வேலை செய்பவர் — என் அப்பா பெயர் எழுதிச் சம்பளம் கொடுக்கும் அதே ஷாப்பில். பி.யூ.ஸி. தேறி வந்திருந்தான், அவர்கள் தெருவில் அதுவே முதல். பாலாற்று மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்த கால்கள். பந்தைக் காலில் வாங்கினால் மூன்று பேர் வந்தாலும் பறிக்க முடியாது. இடப்பக்கம் சாய்கிறமாதிரி தோளைக் காட்டுவான். எதிரில் இருப்பவனின் உடம்பு அந்தப் பக்கம் போகும். இவன் அதற்குள் எங்கேயோ இருப்பான். தினமும் பார்த்தும் எனக்கு அது பிடிபடவில்லை. கல்லூரியில் பூட்ஸ் கொடுத்தார்கள், ஒரு சைஸ் பெரிது. முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொள்வான். மற்றவர் கால்களுக்கெல்லாம் தோல் பதனிடுகிற ஊர் என்று நான் அப்போதே ஒரு கவிதை எழுத முயன்றேன். மட்டமான கவிதை.

அவனுக்கு மூன்றாவது தொடுதல், நாலாவது தொடுதல் எல்லாம் மூச்சு விடுகிற மாதிரி. விசில் ஊதிக்கொண்டேயிருந்தது. தவிர, ஆகஸ்டில் அவன் பயிற்சிக்குத் தாமதமாக வர ஆரம்பித்தான். காரணம் எனக்குத் தெரியும். அவன் அப்பாவுக்கு முடியாமல் போய், அவருடைய இடத்தில் இரவு ஷிப்ட்டுக்கு இவன் போய்க்கொண்டிருந்தான். அப்பாவின் பேரேட்டில் அவன் பெயரை நானே பார்த்தேன். "இந்தப் பையன் ஏன் தூங்கி வழிகிறான்?" என்று பயிற்சியாளர் என்னிடம் கேட்டார். "தெரியவில்லை, சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால், அதே இடத்துக்கு மாற்று ஆட்டக்காரன் நான் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. குற்றவுணர்வை விசேஷ ஆபரணம்போல் அணிந்துகொள்ளும் எழுத்து எனக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் கடைசி. அந்த வாரம் பெலே கல்கத்தா வந்திருந்தார். ஈடன் தோட்டத்தில் காஸ்மாஸும் மோகன் பகானும் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக முடித்த செய்தியைப் பேப்பரில் எல்லோரும் படித்திருந்தோம். மைதானத்தில் அன்று எல்லோருமே பெலே. இவன் ஒரே ஓட்டத்தில் நாலு பேரைத் தாண்டி கோல் போட்டான். கைதட்டினார்கள். பயிற்சியாளர் விசிலை ஊதி அவனைக் கூப்பிட்டார், பிறகு என்னை. நிதானமாகச் சொன்னார்: "இவனிடம் சொல். பத்து நாள் இவன் பந்து இல்லாமல் ஓடட்டும். பதினோராம் நாள் பந்து தானே இவனைத் தேடி வரும். இந்த அணியில் பந்து தேடி வரவேண்டிய கால் இது ஒன்றுதான்."

நான் அவனைப் பார்த்துச் சொன்னேன்: "பத்து நாளைக்கு உனக்குப் பந்து கிடையாதாம்."

பொய் சொல்லவில்லை. முதல் வாக்கியம் அதுதான். மீதி இரண்டு வாக்கியங்கள் என் வாயில் இருந்தன. அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் உட்கார்ந்து, துணி அடைத்த பூட்ஸைக் கழற்றி, லேஸ்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

பதினோராம் நாள் பயிற்சியாளர் கேட்டார். வேலைக்குப் போய்விட்டான் என்றேன். அதுவும் உண்மைதான். என்ன வேலை, எங்கே, எந்த நேரம் என்றெல்லாம் துருவினார். அவர் ஏன் அவ்வளவு துருவினார் என்பது அப்புறம்தான் புரிந்தது. துளஸிதாஸ் பலராம் சிறுவயதில் பயிற்சிக்கு வந்துபோக வழியில்லாமல் இருந்தபோது, வாடகை சைக்கிளுக்கு ரஹீம்தான் காசு கொடுத்தார். இந்தக் கதையை அவர் ஜூலையிலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார். நானே தமிழில் சொல்லி எல்லோரையும் நெகிழ வைத்தேன்.

பருவம் ஆரம்பித்தது. மண்டலப் போட்டியில் முதல் ஆட்டத்தை ஒரு கோலில் ஜெயித்தோம். எங்கள் கல்லூரி மூன்று வருஷமாக முதல் ஆட்டத்தைத் தாண்டியதில்லை. அரையிறுதி அதிகப்படி நேரத்துக்குப் போய் இரண்டுக்கு ஒன்று. இரண்டாவது கோலுக்கு முன்னால் ஏழு பேர் காலில் பந்து போய்வந்தது. கடைசிப் பாஸ் என்னுடையது. அந்த ஏழு தொடுதல்களை இன்றும் வரிசையாகச் சொல்வேன். எதிரணியினர் பந்தை விட்டுவிட்டு ஆட்களைத் துரத்தினார்கள். அப்படி ஒரு ஆட்டத்தை எங்கள் ஜில்லாவில் யாரும் ஆடிப் பார்த்ததில்லை என்று பி.டி. மாஸ்டரே மரநிழலிலிருந்து எழுந்து வந்து சொன்னார். வடாற்காடு ஜில்லா அப்போது ஒன்றுதான். 1989இல் உடைந்து, 2019இல் மறுபடி உடைந்து, ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஊர் நகரவில்லை, விலாசம் நகர்ந்துகொண்டேயிருக்கிறது.

இறுதி ஆட்டம் வேலூரில். கடைசி ஐந்து நிமிஷம் வரை கோல் இல்லை. இடப்பக்கத்தில் பந்து எனக்கு வந்தது. எனக்கும் கோலுக்கும் நடுவில் ஒரே ஒரு பேக். பெரிய உடம்பு, களைத்திருந்தான். எங்கள் ஆட்கள் யாரும் இன்னும் வந்து சேரவில்லை. தாண்டிப் போக வேண்டும். வேறு வழியே இல்லை. நான் இரண்டு முறை தொட்டேன், திரும்பினேன், பின்னால் தள்ளினேன். அந்தப் பந்து பறிபோயிற்று. அங்கிருந்து ஒரு நீண்ட உதை, ஒரு கோல். முடிந்தது.

பயிற்சியாளர் கோபப்படவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்கே ஏன் போகவில்லை?" என்றார்.

"மூன்றாவது தொடுதல் கூடாது என்று நீங்கள்தான் சார்…"

"அது பயிற்சியில்" என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். "ரஹீம் சாஹிப் ட்ரிப்ளிங்கை ஒழிக்கவா அந்தப் போட்டிகளை நடத்தினார்? பி.கே. பானர்ஜியும் பலராமும் ட்ரிப்ளிங் தெரியாதவர்களா? எப்போது வேண்டும் என்று தெரிவதற்காகக் கொஞ்ச நாள் பிடுங்கி வைப்பது. பேட்டா, நீ இதை இவர்களுக்கு எப்படிச் சொன்னாய்?"

நான் எப்படிச் சொன்னேன்? கூடாது என்று சொன்னேன். கூடாது என்பது சொல்வதற்குச் சுலபம். நம் விமர்சனத்தில் சந்தம் கூடாது, கதை கூடாது, உணர்ச்சி கூடாது என்று ஒவ்வொரு பத்தாண்டிலும் யாரோ ஒருவர் எங்கிருந்தோ மொழிபெயர்த்துக் கொண்டுவந்து போடும்போதெல்லாம் எனக்கு அந்த பஸ் ஞாபகம் வரும். அது பயிற்சிக்கான விதியா, ஆட்டத்துக்கான விதியா என்று கேட்கத் தோன்றும். கேட்டு இரண்டு நண்பர்களை இழந்திருக்கிறேன்.

கோப்பை வராததால், அல்லது வேறு எதனாலோ, நியமனம் நீட்டிக்கப்படவில்லை. ஏப்ரலில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அவர் ரயிலேறினார். அடுத்த வருஷம் பந்து மறுபடி பி.டி. மாஸ்டரின் மரநிழலுக்குப் போயிற்று. நான் வங்கிப் பரீட்சை எழுதிச் சென்னைக்கு வந்துவிட்டேன்.

1996. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது — பாலாறும் கிணறுகளும் பாழானது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு போட்டிருந்த வழக்கில். மாசுபடுத்தியவனே விலை கொடுக்க வேண்டும் என்பதை நம் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு என்று வக்கீல்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். நவம்பர் 30க்குள் கழிவைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அப்பாவின் திவசத்துக்காக ஆம்பூர் போயிருந்தேன். டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை: எது மூடும், எது பிழைக்கும். தண்ணீர் குடிக்க முடியாத ஊரில், தண்ணீரைக் கெடுத்த இடம் மூடிவிடுமோ என்ற பயம். இரண்டும் ஒரே மனிதர்களுக்குத்தான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தலை நரைத்திருந்தது. கால்களைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவற்றிலும் விரலிடுக்குகளில் சுண்ணாம்பு தின்ற வெள்ளைத் தழும்புகள். இருபது வருஷமாக அதே ஷாப்பு. குழியிலிருந்து டிரம்முக்கு மாறியிருந்தான். என் அப்பா போனதைக் கேட்டான். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னான். டீ வந்தது. அங்கே வைத்து, பத்தொன்பது வருஷம் கழித்து, பயிற்சியாளர் சொன்ன மீதி இரண்டு வாக்கியங்களை நான் அவனிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் வெட்கம்.

அவன் சிரித்தான்.

"எனக்கு அப்பவே தெரியும்பா. உருது தெரியாமலா ஷாப்புல வேலை செஞ்சிக்கினு இருந்தேன்? மேஸ்திரி திட்டுறதே அதுலதான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அப்போ ஏன் போனே?"

"நைனாவுக்கு முடியல. ராத்திரி பூரா குழியில நின்ன காலு. பத்து நாளு பந்து இல்லாம ஓடுன்னா எங்கேர்ந்து ஓடுறது? பந்து இருந்தா ஓடுவேன்." டீயை ஒரு மிடறு குடித்தான். "நீ பாதி சொன்னே. மீதிய சொல்றியா பாக்கலாம்னு நின்னேன். முழுசா சொல்லியிருந்தா ஒருவேளை வந்திருப்பேனோ இன்னாவோ. அது இப்ப எப்படித் தெரியும்?"

ஷிப்ட் மாறும் நேரம். எழுந்துகொண்டான். இரண்டு டீக்கும் அவனே காசு கொடுத்தான். நான் தடுத்தும் கேட்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி போனவன் திரும்பினான்.

"வேலூர் பைனலுக்கு வந்திருந்தேன், தெரியுமா? நைட் ஷிப்ட் முடிச்சு நேரா பஸ் ஏறி. வேலியோரமா நின்னுக்கினு இருந்தேன். உனுக்கு முன்னால ஒரே ஒருத்தன்தான்பா இருந்தான்."